காற்றாடி ஊதிய மூன்று நிமிடம்

எம்.டி. மனநல மருத்துவம், மூன்றாம் ஆண்டு. இறுதித் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. தென் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில், குழந்தைகள் மனநலப் பிரிவில் எனக்கு போஸ்டிங். எங்கள் பேராசிரியை வாரம் ஒருமுறை மாதிரித் தேர்வு வைப்பார். ஓபிக்கு வந்த ஒரு குழந்தையை நம்மிடம் விட்டு ஒரு மணி நேரம் கொடுப்பார். அப்புறம் எதிரே உட்கார்ந்து, இறுதித் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர், எக்ஸ்டர்னல், கேட்பது போலவே கேட்பார். அந்த வியாழக்கிழமை என் முறை.

வந்தது எட்டு வயதுப் பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு. (இதில் வரும் குழந்தைகளின் அடையாளங்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) அம்மா பீடி சுற்றுகிறவர். "டீச்சரு சொல்லுதாக, வகுப்புல எங்கயோ பாத்துக்கிட்டே இருக்காளாம். வீட்டுலயும் அப்படித்தான் டாக்டரம்மா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கா. பாதி எழுதிக்கிட்டு இருக்கும்போதே அப்படியே நிக்கா" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. கவனக்குறைவும் அதீதத் துடிப்புமான ஏடிஎச்டி கேஸ் என்று மனதில் முடிவாகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 சொல்லும் கவனக்குறைவு அறிகுறிகள் ஒன்பதையும் விரல்விட்டு எண்ணினேன். ஆறு வேண்டும், ஆறு கிடைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும், இருந்தது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குழந்தைக்கே எட்டு வயதுதான். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், தெரிந்தது. ஓட்டமும் துள்ளலும் இல்லை, ஆகவே கவனக்குறைவு மேலோங்கிய வகை. மருந்தின் அளவுவரை தயார் செய்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

மேடம் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மூன்று கேள்வி.

"அப்படியே நிக்கான்னு அம்மா சொன்னாங்களே, எவ்வளவு நேரம் நிக்கா?"

கேட்கவில்லை.

"அந்த நேரத்துல கை என்ன செய்யுது, கண்ணு என்ன செய்யுது?"

அதையும் கேட்கவில்லை.

"தோளைத் தொட்டா முழிச்சுக்கிறாளா, தொட்டாலும் அப்படியே இருக்காளா?"

நான் பதில் சொல்லாமல் இருந்தேன். மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்தார். குழந்தையைக் கூப்பிட்டு, "இது நிக்கவே கூடாது கண்ணு, நல்லா மூச்சு இழுத்து ஊதிக்கிட்டே இரு பாப்போம்" என்று கையில் கொடுத்தார். அவள் ஊதினாள். சிவப்பும் மஞ்சளுமாகக் காற்றாடி சுற்றியது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவது நிமிடத்தில் ஓரிடத்தில் ஊதல் நின்றது. உதடு குவிந்தபடியே இருந்தது. கண் எங்கள் இருவருக்கும் நடுவே எதையோ பார்த்தது. இமைகள் லேசாகத் துடித்தன. இடது கை விரல்கள் சட்டை ஓரத்தைப் பிடித்துத் தேய்த்தன, ஒரு நூலைப் பிரிக்கிற மாதிரி. காற்றாடி மெதுவாகி நின்றது. மேடம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. பத்து விநாடி இருக்கும். சட்டென்று மறுபடி ஊத ஆரம்பித்தாள். நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி ஊதினாள். காற்றாடி ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இதேதான் டாக்டரம்மா!" என்று அம்மா எழுந்தே விட்டார்.

ஆப்சென்ஸ் வலிப்பு, சில விநாடி நினைவு மட்டும் அறுந்துபோகிற வகை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுத்தபோது விநாடிக்கு மூன்று வீதம் கூர் அலையும் மெது அலையும் மாறி மாறி வந்தன, பாடப்புத்தகப் படம் போலவே. மருந்து எடுக்காத குழந்தைகளில், வேகமாக மூச்சு வாங்கவைத்தாலே இந்த வலிப்பு பெரும்பாலும் வந்துவிடும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மூன்று நிமிடம் ஊதுவதற்கு ஒரு பொருள் இருந்தால் போதும். (இதயக் கோளாறு, கடுமையான ஆஸ்துமா, சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளிடம் இதைச் செய்யக் கூடாது. மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது இது. வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

இதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றுகூட இல்லை. "ஆப்சென்ஸ் வலிப்பின் இஇஜி எப்படி இருக்கும்?" என்று எம்சிக்யூவில் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சரியான விடையைத் தொட்டிருப்பேன். "அதைத் தூண்டும் சோதனை எது?" என்றாலும் அப்படித்தான். ஆனால் நான் படித்ததெல்லாம் நோயின் பெயரிலிருந்து அறிகுறிக்குப் போகும் பாதை. குழந்தையோ அம்மாவின் ஒரு வாக்கியத்தோடு எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வருகிறது. அந்தப் பக்கத்திலிருந்து நான் ஒருநாளும் என்னைச் சோதித்துப் பார்த்ததே இல்லை.

அன்று இரவு விடுதியில் ஒரு நோட்டை எடுத்தேன். 200 பக்கக் கோடு போட்ட நோட்டு. இடது பக்கத்தில் அம்மாக்கள் சொல்லும் வாக்கியம் மட்டும், அவர்கள் சொன்னபடியே. வலது பக்கம் காலியாக இருக்கும். மறுநாள் காலையில் அந்தக் காலிப் பக்கத்தைப் புத்தகம் பார்க்காமல் நிரப்ப வேண்டும்: இது என்னென்னவாக இருக்கலாம், ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு கேள்வி எது. தேர்வுக்குள் ஐம்பது வாக்கியமாவது சேர்ந்திருக்கும். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

"மூணு வயசாச்சு, பேச மாட்டேங்கான்." முதலில் காது கேட்கிறதா? இதைக் கடந்து அடுத்த வரிக்குப் போகவே கூடாது. "டிவி சத்தத்துக்குத் திரும்புறானே" என்பார்கள். அது போதாது. ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் மின் பதிலை அளக்கும் பெரா பரிசோதனையோ ஆடியோகிராமோ எடுத்துத்தான் ஆக வேண்டும். காது சரி என்றால், பேச்சு மட்டும் பின்தங்கியிருக்கிறதா, நடை, விளையாட்டு, தானே சாப்பிடுவது எல்லாமே பின்தங்கியிருக்கிறதா? எல்லாமே என்றால் அறிவுத்திறன் குறைபாட்டைப் பார்க்க வேண்டும். பேச்சு மட்டும் என்றால், பேச்சில்லாமல் எப்படிக் கேட்கிறான்? விரல் நீட்டி நிலாவைக் காட்டி, அம்மா பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற குழந்தைக்கு மொழி வளர்ச்சி மட்டும் தாமதமாகியிருக்கலாம். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய், முகத்தைப் பார்க்காமல், அந்தக் கையைப் பிஸ்கட் டப்பா மேல் வைக்கிற குழந்தையிடம் ஆட்டிசத்தைத் தேட வேண்டும். வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு சொல்கூட வராத குழந்தைக்கு இருப்பது வேறு, செலக்டிவ் மியூட்டிசம். அதற்கு ஒரு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புது இடத்தில் எந்தக் குழந்தையும் கொஞ்ச நாள் வாயைத் திறக்காதுதானே.

"பள்ளிக்கூடம் போக மாட்டேங்கான்." இதற்கு நான் கண்டுபிடித்த கேள்வி: பள்ளி நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான்? வீட்டில், அம்மாவுக்குத் தெரிந்து, பாயில் சுருண்டு படுத்திருந்தால் பதற்றம், மனச்சோர்வு பக்கம் யோசிக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றங்கரையில் இருந்தால் யோசிக்கும் பக்கமே வேறு. அடுத்த கேள்வி: வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமை வருகிறதா? அதற்கும் அடுத்தது: எந்தப் பாடவேளைக்கு முன்பு வருகிறது, எந்த ஆசிரியர், பள்ளி வேனா பேருந்தா, வேனில் பக்கத்தில் யார்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால்தான் படிக்க முடியாத குழந்தையும், அடிவாங்கும் குழந்தையும், யாரோ தொட்டுத் துன்புறுத்தும் குழந்தையும் வெளியே தெரிவார்கள்.

எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தில் மாணவர்களைக் கொல்வது எண்கள்தான். எத்தனை வயது, எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை முறை. நான் அவற்றை வரிசையாக மனப்பாடம் செய்து, இரண்டு நாளில் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வேன். பிறகு ஒவ்வொரு எண்ணிடமும் "நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்கத் தொடங்கினேன். மலம் அடக்கும் கட்டுப்பாடு முதலில் வருகிறது, சிறுநீர்க் கட்டுப்பாடு, அதுவும் இரவில், அதற்குப் பிறகு. ஆகவே உடையில் மலம் கழிப்பதை நோய் என்று சொல்ல நான்கு வயதாக வேண்டும், படுக்கையை நனைப்பதற்கு ஐந்து. பெரியவர்களிடம் பிரிவுப் பதற்றம் ஆறு மாதம் நீடிக்க வேண்டும், குழந்தைக்கு நான்கு வாரம் போதும். ஏனென்றால் நான்கு வாரம் பள்ளிக்கு வராத குழந்தையை ஆறு மாதம்வரை காத்திருக்கவைக்க முடியாது. டிஎஸ்எம்-4இல் ஏடிஎச்டி ஏழு வயதுக்கு முன் தொடங்க வேண்டும் என்றிருந்தது, 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை 12 ஆக்கியது. ஏழு வயதில் நடந்ததைப் பெற்றோரால் சரியாக நினைவுகூர முடிவதில்லை. தவிர, சத்தம் போடாத, ஓடாத குழந்தைகளின் சிரமம், பாடம் கனமாகும்போதுதான் வெளிப்படுகிறது. காரணம் புரிந்த எண் மறப்பதில்லை.

ஓயாத எரிச்சலும் ஆத்திர வெடிப்பும் உள்ள குழந்தைகளுக்கு வைக்கும் டிஎம்டிடி என்ற பெயரும் அப்படித்தான் எனக்கு நின்றது. அமெரிக்காவில் எந்நேரமும் எரிச்சலும் ஆத்திரமுமாக இருந்த குழந்தைகளுக்கு எல்லாம் பைபோலார் (மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று பெயர் வைப்பது பெருகிப்போனது. அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பெரியவர்களான பிறகு அவர்களிடம் அதிகம் தென்பட்டவை மனச்சோர்வும் பதற்றமும்தான், பைபோலார் இல்லை. அந்தத் தவறான பெயரைத் தடுக்க டிஎஸ்எம்-5 புதிதாக ஒரு பெட்டி கட்டியது. வாரத்துக்கு மூன்று முறையாவது வெடிப்பு, இடைப்பட்ட நேரத்திலும் எரிச்சல், 12 மாதம், பத்து வயதுக்கு முன் தொடக்கம், ஆறு வயதுக்கு முன்போ 18க்குப் பின்போ முதல்முறையாக இந்தப் பெயரை வைக்கக் கூடாது. ஆனால் 2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடான ஐசிடி-11இல் இந்தப் பெட்டியே கிடையாது. அங்கே எதிர்ப்புணர்வுக் குறைபாட்டின் ஒரு வகையாக, நீடித்த எரிச்சலோடு கூடியது என்று வைத்திருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் "உங்கள் நோயறிதல் எந்த வகைப்பாட்டின்படி?" என்று கேட்பார்கள். இரண்டையும் கலந்து சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது. நோயுள்ள குழந்தைகளையே பார்த்துப் பார்த்து, நோயில்லாத குழந்தை எப்படி இருக்கும் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. வளர்ச்சிப் படிகளை அட்டவணையாகத்தான் அறிவேன். பக்கத்து அங்கன்வாடியில் அனுமதி கேட்டு இரண்டு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். ஒரு கட்டுத் தாளும் மெழுகுப் பென்சிலும் கொண்டு போனேன். வட்டம், கூட்டல் குறி, சதுரம், முக்கோணம், வைரம் ஐந்தையும் வரைந்து காட்டி, "இதே மாதிரி போடு" என்பேன். மூன்று வயதுக்காரர்கள் வட்டத்தைப் போட்டுவிட்டார்கள், ஆரம்பித்த இடத்தில் கோடு சரியாக ஒட்டாவிட்டாலும். நான்கு வயதில் கூட்டல் குறி வந்தது. சதுரத்தின் மூலையில்தான் போராட்டம். நாலரை வயதுப் பையன் ஒருவன் மூலை வந்ததும் பென்சிலை எடுத்துவிட்டு, தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அடுத்த கோட்டைப் போட்டான். கை திரும்ப மறுத்த இடத்தில் அவன் தாளைத் திருப்பிவிட்டான். வைரம் யாருக்கும் வரவில்லை, அது ஏழு வயதுக் கணக்கு. அன்றைக்குப் பிறகு, "ஐந்து வயதுக் குழந்தை எதை வரையும்?" என்ற கேள்விக்கு என் கண் முன் வருவது அட்டவணை இல்லை, அந்தப் பையன்தான். பிஜி மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், மற்றதெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் நமக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய வைத்திருக்கிறார்கள். எந்தக் குழந்தை தனித்து நிற்கிறது என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது.

ஆய்வுகளை நினைவில் வைத்துக்கொள்ள எனக்குக் கைகொடுத்தது தமிழ். படித்ததை ஓர் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அறைத்தோழிதான் அம்மா, அவளுக்கு எல்லாமே தெரிந்தும் தெரியாத மாதிரி கேட்பாள். ஆங்கிலத்தில் மள மளவென்று ஒப்பிக்கிற விஷயம் தமிழில் சொல்லும்போது நடுவில் அறுந்து விழும். அந்த இடத்தில்தான் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999இல் வெளியான எம்டிஏ ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழிலிருந்து பத்து வயதுக்குள் 579 குழந்தைகள், 14 மாதம், நான்கு பிரிவு: கவனமாகக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி, இரண்டும் சேர்த்து, வெளியே வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை. கவனக்குறைவுக்கும் அதீதத் துடிப்புக்கும் மருந்து இருந்த இரண்டு பிரிவுகளே மேலாக இருந்தன என்று ஒப்பிப்பேன். தோழி கேட்டாள்: "வெளிய சிகிச்சை எடுத்த பிள்ளைகளும் மருந்துதானே சாப்பிட்டாங்க? அப்புறம் ஏன் அவங்களுக்குக் குறைவா குணமாச்சு?" நான் விழித்தேன். திரும்பிப் போய்ப் படித்தேன். ஆம், அந்தப் பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் மருந்து எடுத்தவர்கள்தான். ஆனால் ஆய்வுக்குழு குழந்தையை மாதம்தோறும் பார்த்தது, ஆசிரியரிடம் கேட்டது, அளவைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு குழந்தைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தது. மாத்திரை ஒன்றுதான், கவனிப்பு வேறு. இன்று என் ஓபியில் மாதாமாதம் வரச்சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் அந்த ஒரு கேள்வி.

இன்னொரு நாள் உண்மையான அம்மாவே கேட்டார். 14 வயது மகனுக்கு மனச்சோர்வு, ஃப்ளூவாக்ஸெடின் எழுதியிருந்தோம். "இந்த மாத்திரை போட்டா தற்கொலை எண்ணம் வரும்னு செல்போன்ல போட்டிருக்கே மேடம், நெசமா?" முழு உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்துச் சொன்னேன். 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அப்படி ஓர் எச்சரிக்கையைப் பெட்டி கட்டிப் போடச் சொன்னது உண்மை. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட நூறு பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அப்படி எண்ணமோ முயற்சியோ வந்தது, மருந்து சாப்பிட்ட நூறு பேரில் நான்கு பேருக்கு வந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் உயிரிழக்கவில்லை. அதே 2004இல் வந்த இன்னோர் ஆய்வில், 439 வளரிளம் பிள்ளைகளில், மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 12 வாரத்தில் 71 சதவீதம் பேர் தேறினார்கள், போலி மாத்திரையில் 35 சதவீதம். "ஆகவே மருந்தை நிறுத்த வேண்டாம்மா. ஆனா முதல் சில வாரம் அவனைத் தனியா விடாதீங்க. திடீர்னு நிலைகொள்ளாம இருந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, பேச்சு மாறினாலோ அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. வீட்டுல பூச்சிமருந்து இருந்தா இன்னைக்கே வெளிய எடுத்துருங்க. வாரம் ஒருதடவை நான் பாக்கணும்." பூச்சிமருந்து என்று நான் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். அவர்கள் வீடு வாழைத்தோப்புக்குள்.

இப்படித்தான் தேர்வு நாள் வந்தது. எனக்கு விழுந்த லாங் கேஸ், அதாவது விரிவாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளி, 15 வயதுப் பெண். அடிக்கடி மயங்கி விழுகிறாள். தலை ஸ்கேன், இஇஜி எல்லாம் சரியாக இருந்தன. விழும்போது அடிபட்டதில்லை, கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், பத்து இருபது நிமிடம்கூட நீடிக்கிறது. மனம் தாங்காததை உடல் மயக்கமாகக் காட்டுகிற டிசோசியேட்டிவ் நிலை என்பதில் சந்தேகமில்லை. பழைய நானாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்.

அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். அவளிடம் முதலில் இதைச் சொன்னேன்: "நீ சொல்றதை அப்படியே போய் வீட்டுல சொல்ல மாட்டேன்மா. ஆனா ரெண்டு விஷயம் மட்டும் என்கிட்டயே வச்சுக்க முடியாது. உன் உயிருக்கு ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்னைத் தப்பா நடத்துறாங்கன்னா, உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட சொல்லியாகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் தப்பாக நடந்துகொள்ளவில்லை என்றாள். பிறகு, "எழுந்து வாசிக்கச் சொல்லுவாங்க மிஸ்" என்றாள்.

என் பையில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருந்தது. ஒரு பத்தியைக் கொடுத்தேன். விரலை வைத்து வாசித்தாள். 'கற்றுக்கொடுத்தார்' என்ற சொல்லில் 'கற்று' என்று நின்றாள், உதடு அசைந்தது, 'கொண்டார்' என்று ஊகித்து முடித்தாள். அடுத்த வரியில் 'பறவைகள்' 'பரவி' ஆனது. இரண்டு வரி முடிக்கும்போது மேலுதட்டில் வியர்வை. நான் புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டேன். போதும் என்று சொன்னதும் அவள் தோள் இறங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. ஒன்பது வருடமாக இந்தப் பெண் ஒவ்வொரு பாடவேளையும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எக்ஸ்டர்னல் கேட்டார்: "கற்றல் குறைபாடுன்னா பதினைஞ்சு வயசு வரைக்கும் எப்படி ஒருத்தர் கண்ணுலயும் படல?" அமைதியான பெண், யாருக்கும் தொந்தரவு இல்லை, அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள், வாய்மொழியாகக் கேட்டால் நன்றாகப் பதில் சொல்கிறாள் என்றேன். அடுத்து செய்ய வேண்டியதையும் சொன்னேன்: பார்வை, காது, நுண்ணறிவுச் சோதனை, பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம்.

"ரகசியம்னு சொல்லி ஒரு பிள்ளை பாலியல் தொந்தரவைச் சொன்னா?" என்றார். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மருத்துவருக்கு விலக்கு இல்லை, சொல்லாமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். "அதனாலதான் சார், பிள்ளை பேச ஆரம்பிக்கும் முன்னாடியே எல்லையைச் சொல்லிடணும். சொன்ன பிறகு சொன்னா அது நம்பிக்கை துரோகம்" என்றேன். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மின் அதிர்வு சிகிச்சை? 2017 மனநலச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. தவிர்க்க முடியாது என்று மருத்துவர் கருதினால் பாதுகாவலர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். மற்ற வைவா கேள்விகள் வழக்கமானவை, அவற்றைச் சொல்ல ஒன்றுமில்லை. தேறினேன்.

இப்போது நான் ஜூனியர்களுக்கு மாதிரித் தேர்வு வைக்கிறேன். கொடுக்கும் கேள்வியில் நோயின் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன். "அப்பா ஒன்று சொல்கிறார், ஆசிரியர் நேர்மாறாகச் சொல்கிறார், யாரை நம்புவீர்கள்?" என்று கேட்பேன். பிரிட்டனின் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் குழுவும் 1960களில் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் ஒயிட் தீவில் பத்து, பதினொரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பெற்றோர் சுட்டிய குழந்தைகளும் ஆசிரியர்கள் சுட்டிய குழந்தைகளும் பெரும்பாலும் வேறு வேறு பிள்ளைகளாக இருந்தார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. வீட்டில் ஒரு குழந்தை, வகுப்பில் ஒரு குழந்தை. ஆகவே இருவரிடமும் கேட்டுவிட்டு, மூன்றாவதாகக் குழந்தையிடமும் கேட்க வேண்டும். ஜூனியர்கள் மறப்பது எப்போதும் அந்த மூன்றாவது ஆளைத்தான். "குழந்தை என்ன சொன்னா?" என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். அதற்காக நான் கடிந்துகொள்வதில்லை. திரும்ப அனுப்பி, பத்து நிமிடம் பேசிவிட்டு வரச்சொல்வேன்.

போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஏழு வயதுப் பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவனமில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கடைசி பெஞ்சு. நான் இழுப்பறையைத் திறந்தேன். அதற்குள் அவள், "ஊதச் சொல்லிப் பாத்துட்டேன் அக்கா, மூணு நிமிஷமும் நிக்காம ஊதினான், ஒண்ணும் வரல" என்றாள். "அப்புறம் அவன்கிட்டயே கேட்டேன். மிஸ் போர்டைப் பாத்துத் திரும்பிக்கிட்டுப் பேசினா ஒண்ணும் தெரியலங்கான். காதைப் பாத்தேன். வலது காதுல சீழ். இடதுலயும் இருக்குது."

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கான சீட்டும் ஆடியோகிராம் சீட்டும் எழுதி, என் கையெழுத்துக்காகக் கையில் வைத்திருந்தாள்.